பத்தாயிரம் தாள்களில் ஓடிய ஒரு மூச்சு

ஆறரை அங்குல உயரமும் எட்டரை அங்குல அகலமும் உள்ள ஒரு தாள். ‘ரைஸ் பேப்பர்’ என்று வழங்குகிற வகை. பின்னால் பிடித்த விரலின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியது. அதன் மேல், கறுப்பு மையில், நீண்ட கழுத்தும் சிறுத்த தலையும் பெருத்த வயிறும் உடைய ஒரு புராதனப் பிராணி நிற்கிறது. பின்னே பாறைகள், முன்னே ஓர் ஏரிக்கரை, ஓரத்தில் ஒற்றை மரம். மூலைகளில் சிலுவை போன்ற சிறு குறிகள், ஓர் எண். வர்ணம் இல்லை, நிழல் தீட்டிய இடமும் இல்லை. கை பழகிய பத்திரிகைச் சித்திரக்காரர் ஒருவர் சிறிது நேரத்தில் போட்டுவிடக் கூடியதுதானே என்று பார்த்தவுடன் தோன்றும். ஆயினும் இப்படிப்பட்ட தாள் ஒன்று எங்கோ ஒரு பழைய பெட்டியிலிருந்து வெளிப்பட்டது என்று கேள்விப்பட்டால், கார்ட்டூன் படங்களின் பழஞ்சின்னங்களைச் சேகரிப்பதிலே ஆயுளைச் செலவிட்டவர்களுக்கு அன்று இரவு உறக்கம் பிடிக்காது.

அந்தப் பிராணியின் பெயர் கெர்ட்டி. 1914-ஆம் வருஷம் அமெரிக்காவில் விண்சர் மெக்கே என்ற சித்திரக்காரர் செய்து காட்டிய ‘கெர்ட்டி என்னும் டைனோசார்’ என்ற குறும்படத்தின் நாயகி அவள். அப்படத்துக்காக வரையப்பட்ட தாள்கள் பத்தாயிரம் என்பது அந்நாளில் விளம்பரப்படுத்தப்பட்ட கணக்கு; அவற்றுள் பிழைத்தவை என்று அறியப்படுபவை சில நூறே.

படத்தைப் பொறுத்தவரையில், அது இன்று எவருடைய தனிச்சொத்தும் அன்று. பதிப்புரிமைக் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 1991-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற அதனை, விரும்பியவர் விரும்பிய நேரத்தில் காசு கொடாமலே பார்த்துக்கொள்ளலாம். அப்படியிருக்க, அசையாத ஒரு தாளுக்காக, அல்லது துருப்பிடித்த டப்பாவில் சுருண்டு கிடக்கும் பழைய பிலிமுக்காக, அறிவும் ரசனையும் உள்ள மனிதர்கள் ஏன் இவ்வளவு ஏங்குகிறார்கள்? அபூர்வமான பொருளின் மேல் மனிதனுக்குள்ள சுபாவமான ஆசை என்று சொல்லி இதை முடித்துவிடுவது எளிது. அபூர்வ தபால்தலைக்கும் அந்தப் பதிலே போதுமாதலால், கெர்ட்டியைப் பற்றி அது நமக்கு எதையும் சொல்லவில்லை. இந்தப் படம் எவ்விதம் உண்டாயிற்று, எவ்விதம் சிதறியது என்ற இரண்டையும் சற்று நிதானமாகப் பார்த்தால்தான், இதனைச் சேகரிப்போர் தேடுவது இன்னதென்று விளங்கும் என்பது என் எண்ணம்.

மெக்கே, கெர்ட்டியை வரையத் தொடங்குமுன்பே நாடறிந்த கலைஞர். சின்சினாட்டி நகரத்து வேடிக்கைக் காட்சிச்சாலைகளுக்கு விளம்பரச் சித்திரங்கள் எழுதிக் கைத்திறன் பெற்று, நியூயார்க் வந்து, ‘ஹெரால்டு’ பத்திரிகையில் 1905 அக்டோபரில் அவர் தொடங்கிய ‘லிட்டில் நீமோ’ என்ற ஞாயிற்றுக்கிழமைச் சித்திரத்தொடர், ஒரு சிறுவன் இரவுதோறும் கனவுலகத்தில் சஞ்சரித்து ஒவ்வொரு வாரமும் கட்டிலிலிருந்து விழுந்து விழித்துக்கொள்வதைக் காட்டியது. அந்தத் தொடரில் கட்டங்கள் நீள்கின்றன, குறுகுகின்றன. கட்டிலின் கால்கள் வளர்ந்து நகரத்தின் மாடங்களைத் தாண்டி நடக்கின்றன. காகிதத்தின் மேல் அசைவைக் காட்டத் தவித்த கை அது என்பதை எவரும் உணரலாம். 1906-லிருந்து அவர் ‘வாடவில்’ என்னும் பல்சுவை மேடைகளிலும் தோன்றினார். கரும்பலகையின் முன் நின்றுகொண்டு, வாத்தியங்கள் முழங்க, சுண்ணாம்புக் கட்டியால் மளமளவென்று சித்திரம் எழுதிக் காட்டுவது அக்காலத்தில் ஜனங்கள் விரும்பிய வேடிக்கை. மெக்கே ஒரு ஆண் முகத்தையும் பெண் முகத்தையும் எழுதி, கோடு கோடாக மாற்றிக் குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை கொண்டுபோவார். பத்திரிகைச் சித்திரமும் மேடையும் என்ற இவ்விரண்டும் ஒரு மனிதனுக்குள் சேர்ந்திருந்ததனாலேயே கெர்ட்டி சாத்தியமாயிற்று.

1911-ல் ‘லிட்டில் நீமோ’வின் பாத்திரங்களை நாலாயிரம் சித்திரங்களில் அசையவிட்டார்; 1912-ல் உறங்கும் மனிதனின் இரத்தத்தை ஒரு கொசு உறிஞ்சும் கதையைப் படமாக்கினார். இவற்றைக் கண்டவர்களில் சிலர், உண்மையான மனிதர்களையும் கம்பியில் தொங்கவிட்ட பொம்மைகளையும் வைத்துத் தந்திரமாகப் புகைப்படம் எடுத்திருப்பதாகவே நினைத்தார்களாம். புகைப்படத்துக்கு ஒருகாலும் அகப்படாத ஒரு பிராணியைத் தேர்ந்துகொண்டால் இந்தச் சந்தேகத்துக்கு இடமிராது அல்லவா? நியூயார்க்கின் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிசாலையில் 1905 முதற்கொண்டு பிரண்டோசாரஸ் ஒன்றின் முழு எலும்புக்கூடு நிறுத்தப்பட்டிருந்தது. அந்த எலும்புகளின் மேல் சதையையும், சதைக்குள் குணத்தையும் ஏற்றியவர் மெக்கே.

அவர் வேலை செய்த முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கண்ணாடி போன்ற செல்லுலாயிட் தகட்டில் பாத்திரத்தை மட்டும் எழுதி, அசையாத பின்புலத்தின் மேல் வைத்துப் படம் எடுக்கும் உபாயத்துக்கு ஏர்ல் ஹர்ட் என்பவர் காப்புரிமை கோரி விண்ணப்பித்ததே 1914-ன் இறுதியில்தான். ஆகையால் கெர்ட்டி ஒரு காலைத் தூக்கினால், அந்தக் காலை மாத்திரம் அல்லாமல், பாறையையும் மரத்தையும் ஏரியையும் கூட ஒவ்வொரு தாளிலும் புதிதாக எழுதியாக வேண்டும். ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற இளைஞர், மெக்கேயின் அண்டைவீட்டுக்காரர், சித்திரக்கலை மாணவர், இந்தப் பின்புலத்தை ஆயிரக்கணக்கான முறை மேலே தாள் வைத்துப் பிரதி செய்தார். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருந்தும்பொருட்டே மூலைகளில் அந்தச் சிலுவைக் குறிகள். எழுதி முடித்த தாள்களை அட்டையில் ஒட்டி, ‘மியூட்டாஸ்கோப்’ என்னும் கைப்பிடி சுற்றும் இயந்திரத்தில் கோத்து ஓட்டிப் பார்த்து, அசைவு சரியாக இருந்தால் மட்டுமே காமிராவுக்கு அனுப்பினார்கள்.

வரிசையாக முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை எழுதிக்கொண்டு போகாமல், ஒரு அசைவின் முக்கியமான நிலைகளை முதலில் எழுதி நிறுத்தி, அவற்றின் நடுநிலைகளைப் பிறகு எழுதி, அந்த நடுநிலைகளின் நடுவையும் அதன்பின் எழுதி நிரப்புவது மெக்கே கண்ட வழி. பின்வந்த படப்பிடிப்பு நிலையங்களெல்லாம் கைக்கொண்டது ஏறக்குறைய இதனையே. கெர்ட்டி மூச்சு வாங்கும் இடங்களிலும் தாளம்போட்டு ஆடும் இடங்களிலும் ஒரே தாள்களைத் திரும்பத் திரும்பச் சுழற்சியாகப் பயன்படுத்திக்கொண்டார். இந்த மூச்சை அளந்த விதம்தான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது: தம் சொந்த மூச்சைக் கடிகாரம் வைத்து அளந்துகொண்டு, அந்த அளவின்படியே கெர்ட்டியின் விலாப்புறம் ஏறி இறங்குமாறு எழுதினார். ஆகவே எழுபது எண்பது அடி நீளமுள்ள ஒரு மிருகம் நம் கண்ணெதிரே மூச்சு விடும்போது, உண்மையில் நாம் காண்பது 1913-ஆம் வருஷத்தில் தன் மேஜைக்கு முன் அமர்ந்திருந்த ஒரு மனிதனுடைய மார்பின் ஏற்ற இறக்கத்தை.

படத்தைப் பார்ப்போம். பாறைகளுக்கு அப்பாலிருந்து முதலில் தலை எட்டிப் பார்க்கிறது, நாணிப் பின்வாங்குகிறது, பிறகு முழு உடலும் அசைந்தசைந்து முன்னே வருகிறது. வந்தவள், கிடைத்த ஒரு பாறையை விழுங்குகிறாள். மரத்தை அப்படியே வேரோடு பிடுங்கி மென்றுவிடுகிறாள். வலக்காலைத் தூக்கு என்றால் தூக்குகிறாள். இடக்காலைத் தூக்கு என்றால், ஏரியில் தலைகாட்டும் ஒரு நீர்ப்பாம்பின் பக்கம் கவனம் போய்விடுகிறது. கடிந்துகொண்டால் குழந்தையைப் போலக் கண்ணீர் வடிக்கிறாள். ஜம்போ என்ற பெயர்கொண்ட ஒரு மயிரடர்ந்த யானை அந்த வழியாக வருகிறது. கெர்ட்டி அதன் வாலைக் கவ்விச் சுழற்றி ஏரியில் எறிகிறாள்; பின்பு களைத்துப் படுத்துக்கொண்டு தன் வாலின் நுனியால் தலையைச் சொறிந்துகொள்ளும்போது, நீரிலிருந்து எழுந்த ஜம்போ தும்பிக்கையால் அவள் முகத்தில் நீரைப் பீச்சிவிட்டு ஓடுகிறது. இறுதியில் ஏரியைக் குடித்து வற்றவே அடித்துவிடுகிறாள். அவள் குனிந்து குடிக்கும்போது காலடியில் உள்ள கரை, பாரம் தாங்காமல் சற்றே உள்வாங்குகிறது. வாழ்நாளில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிற ரசிகருக்கு இது தெரியப் போவதில்லை. ஆனாலும் மெக்கே எழுதினார். ஓர் உருவம் நகர்ந்தால் போதும் என்று மற்றவர்கள் திருப்தியடைந்திருந்த காலத்தில், நகருகிற உருவத்துக்கு எடை உண்டு, இஷ்டம் உண்டு, பிடிவாதம் உண்டு என்று இந்தச் சில நிமிஷங்களில் காட்டியதனால்தான், குணச்சித்திரம் உள்ள முதல் கார்ட்டூன் பாத்திரம் என்ற பெருமையைக் கெர்ட்டிக்குத் தருகிறார்கள். அதற்கு அவள் முற்றிலும் பாத்தியமானவள்.

இனிச் சொல்வது சேகரிப்போரின் கதைக்கு மிகவும் முக்கியமானது. இன்று நாம் பார்க்கிற படம், மெக்கே செய்த கலையில் ஒரு பாதிதான். 1914 பிப்ரவரி 8-ஆம் தேதி சிகாகோவின் பாலஸ் தியேட்டரில் கெர்ட்டி முதன்முதலாக மேடையேறியபோது, திரைக்குப் பக்கத்தில் மெக்கே மாலைநேரத்து உடையணிந்து, கையில் சாட்டையுடன், சர்க்கஸில் மிருகங்களைப் பழக்குகிறவரைப் போல நின்றிருந்தார். சாட்டையைச் சொடுக்கி அவர் கட்டளையிட, திரையில் கெர்ட்டி பணிந்தாள் அல்லது முரண்டு பிடித்தாள். பரிசாக ஒரு ஆப்பிளை வீசுவதுபோல அவர் பாவனை செய்து, கையிலிருந்ததை மறைத்துக்கொள்ளும் அதே கணத்தில், சித்திர ஆப்பிள் ஒன்று கெர்ட்டியின் வாயில் விழும். முடிவில் அவர் திரையின் பின்புறமாக நடந்து மறைவார். மறைந்த அந்த இடத்திலேயே சித்திர மெக்கே ஒருவர் திரைக்குள் தோன்றி, கெர்ட்டியின் முதுகில் ஏறி, சபையினருக்கு வணக்கம் செலுத்திவிட்டுப் போவார். சிகாகோவின் சபையில் அதைக் கண்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது. அது ஒரு மனிதனும் ஒரு சித்திரமும் சேர்ந்து நடத்திய நாடகம். கதாநாயகனுடைய பாகம் சதையிலும் குரலிலும் இருந்தது. கதாநாயகியினுடையது மட்டுமே பிலிமில் இருந்தது.

மெக்கேயை ஊதியத்துக்கு அமர்த்தியிருந்த பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டுக்கு, தம் சித்திரக்காரர் மேடைமேடையாகச் செல்வது பிடிக்கவில்லை. மேடை நிகழ்ச்சிகளுக்கு அவர் தடை விதித்தார். அவ்வருஷக் கடைசியில் வில்லியம் ஃபாக்ஸின் கம்பெனி படத்தைத் தியேட்டர்களில் வெளியிடுவதற்காக வாங்கிக்கொண்டது. மேடையில் மெக்கே இல்லாததனால் அவர் பேசிய பேச்சுக்குப் பதிலாக எழுத்து அட்டைகள் நுழைந்தன. முன்னும் பின்னும் ஒரு சிறு கதை சேர்க்கப்பட்டது. நண்பர்களுடன் காரில் போகும் மெக்கே, பொருட்காட்சிசாலை வாசலில் சக்கரம் பழுதாகி நிற்க, உள்ளே சென்று டைனோசாரின் எலும்புக்கூட்டைக் கண்டு, இதற்கு உயிர் கொடுத்துக் காட்டுகிறேன் என்று சக சித்திரக்காரர் ஜார்ஜ் மெக்மானஸிடம் ஒரு விருந்துக்குப் பந்தயம் கட்டுகிறார் என்பது அந்தக் கதை. நமக்குக் கிடைத்திருப்பது இந்த வடிவம். மேடை வடிவம், அதன் கர்த்தாவின் குரலோடு காற்றில் கலந்துவிட்டது.

இடையில் வேறொரு விஷயம். மெக்கே தம் முறைகளை ஒளித்துவைக்கும் சுபாவம் உடையவரல்லர். பத்திரிகைக்கு எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்த ஒருவரிடம் தம் வேலைமுறைகளைத் திறந்து காட்டினார்; வந்தவர் ஜான் ராண்டால்ஃப் பிரே; சித்திரப்படத் தொழிலில் இறங்கத் திட்டமிட்டிருந்தவர். அவர் இம்முறைகளுக்குத் தம் பெயரில் காப்புரிமை பெற்று, மெக்கேயின் மேலேயே வழக்கும் தொடுத்தார். வழக்கில் மெக்கேதான் வென்றார். சில வருஷங்கள் உரிமைத் தொகையும் அவருக்கு வந்தது. ஆனால் கெர்ட்டி தோன்றி ஓரிரு வருஷங்களுக்குள், ஏறக்குறைய அதே வித்தைகளைச் செய்யும் ஒரு போலிக் கெர்ட்டியும் படமாக வெளிவந்துவிட்டது. அதைச் செய்தவர் பெயர் படத்தில் இல்லை. பாணியைப் பார்த்து அது பிரேயின் நிலையத்திலிருந்து வந்ததாகக் கருதுகிறவர்கள் பலர்.

பழைய பிலிம் சேகரிப்போர் இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குக் கைக்கொள்ளும் அடையாளம் அழகானது. போலியில் பாறைகள் அசைவற்று நிற்கும். அங்கே செல்லுலாயிட் தகடும் நிலையான பின்புலமும் பயன்பட்டிருக்கின்றன. மெய்யான கெர்ட்டியிலோ, எவ்வளவு கவனமாகப் பிரதி செய்தாலும் ஒரு கோடு மற்றொரு கோட்டின் மேல் அச்சாக அமையாதாகையால், பாறைகளும் மரமும் ஏரிக்கரையும் இடைவிடாமல் மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். ஃபிட்ஸ்சிமன்ஸின் கை அங்கே ஓயாமல் வேலை செய்துகொண்டிருப்பதன் சாட்சி அந்த நடுக்கம். தொழில் வளர்ந்தபின் பெரிய குறை என்று விலக்கப்பட்ட ஒன்று, இந்தப் படத்துக்கு மட்டும் உண்மைத்தன்மையின் முத்திரையாக நிற்கிறது.

பிலிமைத் தேடுகிறவர்கள் முதலில் போராடுவது இரசாயனத்தோடுதான். அக்காலப் படங்கள் நைட்ரேட் பிலிமில் எடுக்கப்பட்டவை. அது தீப்பற்றினால் தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே உண்டாக்கிக்கொண்டு நீருக்குள்ளும் எரியும். தீப்பற்றாமல் டப்பாவில் கிடந்தாலும் வருஷங்கள் செல்லச் செல்ல, உருவம் மங்கி, பிசுபிசுத்து, குமிழியிட்டு, கடைசியில் பழுப்புப் பொடியாக உதிர்ந்துபோகும். 1950-களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. 1923-ல் வந்த 16 மில்லிமீட்டர் பிலிம் எளிதில் தீப்பற்றாத வேறு பொருளால் ஆனது. பழைய கார்ட்டூன்கள் வீட்டுக்குள் வந்ததும் சேகரிப்போர் என்ற வகுப்பே தோன்றியதும் பெரும்பாலும் அதன் மூலமாகத்தான். ஆனால் 16 மில்லிமீட்டர்ப் பிரதி என்பது மூலத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறை தள்ளிப்போனது. பேரன் முகத்தில் பாட்டனாரைத் தேடுவதுபோல அதில் மெக்கேயின் கோட்டைத் தேட வேண்டும். மெல்லிய கோடுகள் வெள்ளையில் கரைந்துபோயிருக்கும், தடித்தவை ஊறிப் பரந்திருக்கும். கோட்டைத் தவிர வேறொன்றையும் நம்பியிராத இந்தப் படத்துக்கு அது சிறிய நஷ்டம் அன்று.

ஆகையால் தேர்ந்த சேகரிப்பாளர் படத்தை ஓட்டிப் பார்க்குமுன், பிலிமின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பார்க்கிறார். ஈஸ்ட்மன் கம்பெனி 1916 முதல் தன் பிலிமின் ஓரத்தில், தயாரித்த வருஷத்தைக் காட்டும் சிறு உருவங்களைப் பதித்துவந்தது: 1916-க்கு வட்டம், 1917-க்குச் சதுரம், 1918-க்கு முக்கோணம் என்று தொடங்கி, பின்பு அவற்றின் கூட்டுக்கள். இருபது வருஷத்துக்கு ஒரு தடவை அந்த வரிசை முதலிலிருந்து திரும்பும். எனவே வட்டம் மட்டும் இருந்தால் 1916-ஆ 1936-ஆ என்பதைப் பிலிமின் பிற லட்சணங்களால் நிச்சயிக்க வேண்டும். வட்டமும் சதுரமும் இல்லாமல், நைட்ரேட்டின் பழுப்பேறிய, 35 மில்லிமீட்டர்ப் பிலிம் ஒன்று கெர்ட்டியோடு அகப்பட்டால், அது 1914-ஐ ஒட்டிய பிரதியாக இருக்கக்கூடும் என்று அவருடைய நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்குகிறது. மற்றவர்களுக்கு வெறும் ஓரமாகத் தோன்றும் இடத்தில் அவருக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது.

தாள்களின் சரித்திரம் இன்னும் துயரமானது. மெக்கே 1934 ஜூலையில் காலமானார். தம் மூலச் சித்திரங்களைப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து திரும்பக் கேட்டு வாங்கி வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்ததால் வீட்டில் பெரும் சேகரம் இருந்தது. அவர் மறைந்து சில வருஷங்களுக்குள் நேர்ந்த தீவிபத்தில் அதில் மிகுந்த பாகம் எரிந்துபோயிற்று. எஞ்சியதை மகன் ராபர்ட் பாதுகாத்தார். பணமுடை ஏற்பட்டபோது குடும்பத்தார் சிலவற்றை விற்கவும் நேர்ந்தது. 1940-களில், படச்சுருள்களும் சித்திரங்களும் குடும்ப நண்பர் ஒருவரின் பொறுப்புக்கு மாறின. அந்த நண்பருடைய துணிக்கடையில், சிதைந்த நிலையில் கிடந்த கெர்ட்டியின் தாள்களைப் பின்னாளில் ராபர்ட் ப்ரதர்ட்டன் என்ற சித்திரப்படக் கலைஞர் கண்டெடுத்தார். முந்நூற்றுக்கு மேல் அவற்றில் காப்பாற்றப்பட்டன. முழத்துக்கும் கெஜத்துக்கும் துணி கிழித்துக் கொடுக்கும் ஒரு கடையில், சித்திரப்படக் கலையின் மூலப்பிரமாணம் என்று சொல்லத்தக்க அந்தத் தாள்கள் எத்தனை காலம் கேட்பாரற்றுக் கிடந்தனவோ என்று எண்ணும்போது, ஏட்டுச் சுவடிகளைப் பரண்களிலிருந்து மீட்ட நம் பெரியவர்களை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

கார்ட்டூன் கலையில் சேகரிப்போர் மிகுதியாக அறிந்தவை டிஸ்னி நிலையத்தின் வர்ணத் தகடுகள். 1938 முதல் சான்பிரான்சிஸ்கோவின் கூர்வாசியே கலைக்கூடம் அவற்றைச் சட்டமிட்டு விற்றது. அதற்குமுன் பல தகடுகளை நிலையத்திலேயே கழுவித் துடைத்து மறுபடி பயன்படுத்தினார்கள். அந்தத் தகடுகள் அழகானவை, சந்தேகமில்லை. ஆனால் மூலக் கலைஞன் பென்சிலால் எழுதிய கோட்டை மற்றொருவர் மையால் பிரதி செய்து, வேறொருவர் பின்பக்கம் வர்ணம் பூசியது அந்தத் தகடு. கலைஞனுடைய கை அதில் நேராகப் பட்டிருப்பதில்லை. கெர்ட்டியின் தாளில் அப்படியல்ல. திரையில் ஒளிர்ந்த கோடும் தாளில் இருக்கும் கோடும் ஒன்றே. பாறையில் ஓடும் கோடு ஃபிட்ஸ்சிமன்ஸினுடையது: சிரத்தையும் பொறுமையும் கொண்டு ஒரே தடிமனில் செல்லும் மாணவனின் கோடு. கழுத்தில் வளைந்து இறங்கும் கோடு மெக்கேயினுடையது: வளைவில் ஊறி, முடிவில் மெலிந்து, தயக்கம் என்பதை அறியாத கோடு. ஆசிரியனும் சீடனும் ஒரே தாளில் அக்கம்பக்கமாக அமர்ந்து வேலை செய்ததை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சின்னம் சித்திரப்பட உலகில் அதிகம் இல்லை.

எனினும் தாளை மட்டும் பார்த்துப் பரவசப்படுகிறவர் ஒன்றை மறந்துவிடலாகாது. கெர்ட்டியின் உயிர் எந்தத் தாளிலும் இல்லை. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. வினாடிக்குச் சுமார் 16 படங்கள் ஓடிய அக்காலத்தில், ஒரு தாளின் ஆயுள் திரையில் ஒரு வினாடியின் பதினாறில் ஒரு பங்கு. அந்தக் கணத்திலும் அது தனித்து நிற்காமல் முன்னதன் நினைவாகவும் பின்னதன் எதிர்பார்ப்பாகவும் இருந்தது. ஆகவே ஒரே ஒரு தாளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைப்பது ஒரு ராகத்தின் ஒற்றை ஸ்வரத்தை எடுத்து வைத்துக்கொள்வது போன்றது. அந்த ஸ்வரம் பொய்யல்ல; ராகமும் அல்ல. தொடர்ச்சியான தாள்களைப் பிரித்து ஒவ்வொன்றாக வெவ்வேறு ஊர்களில் விற்றுவிடும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. வாங்குகிறவர் அன்போடுதான் வாங்குகிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் அடுத்தடுத்து எண்ணுள்ள இரண்டு தாள்கள் இருவேறு நகரங்களின் சுவர்களில் தொங்கும்போது, அவற்றுக்கு நடுவிலே இருந்த அசைவு எந்த நகரத்திலும் இல்லாமற் போகிறது. தாளின் எண்ணைக் குறித்துவைத்து, தெளிவான பிரதி எடுத்து, ஆராய்ச்சியாளருக்குக் காட்ட மறுக்காத சேகரிப்பாளர்தான் உண்மையில் கெர்ட்டியை வைத்திருப்பவர்.

அந்த எண்கள் எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதற்கு இக்கதையிலேயே உதாரணம் இருக்கிறது. மேடை நிகழ்ச்சியை மறுபடி காண வேண்டும் என்ற ஆசை வெகுகாலமாக இருந்தது. இளமையில் அதை நேரில் பார்த்திருந்த ரிச்சர்ட் ஹியூமர் என்ற சித்திரப்படக் கலைஞரின் ஞாபகத்தைத் துணைகொண்டு, வால்ட் டிஸ்னி 1955-ல் தம் டெலிவிஷன் நிகழ்ச்சியில் ஒரு நடிகரை மெக்கேயாக நிறுத்தி அதனை நடத்திக் காட்டினார். அது ஒரு மனிதருடைய நினைவின் வழியாக வந்த கெர்ட்டி. பிறகு, காப்பாற்றப்பட்ட முந்நூற்றுச் சொச்சம் தாள்களை எண் வரிசையில் அடுக்கிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சுமார் 15 தாள்கள் இன்றுள்ள படத்தின் எந்த இடத்திலும் பொருந்தவில்லை. அவை கெட்டுப்போன பிரதிகளும் அல்ல, விலக்கப்பட்ட சோதனைகளும் அல்ல. ஆட்டம் முடிந்து ஜனங்கள் கைதட்டும்போது கலைஞர்கள் மேடைக்குத் திரும்பி வந்து வணங்குவார்களே, அந்த வணக்கத்துக்காக எழுதப்பட்டவை. தியேட்டர் படத்தில் அதற்கு வேலையில்லாமற் போனதால் அந்தப் பகுதி பிலிமில் தங்கவில்லை. தாளில் மட்டும் தங்கியிருந்தது.

இந்தத் தாள்களையும், மொன்றியால் நகரத்துச் சினிமாதெக் கெபெக்குவாஸ் காப்பகத்தின் பிலிம்களையும், அக்காலத்துப் பத்திரிகைக் குறிப்புகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, டேவிட் நேதன் என்ற சேகரிப்பாளரும் டொனால்ட் கிராஃப்டன் என்ற திரைப்பட வரலாற்றாசிரியரும் பிறரும் மேடை வடிவத்தை மீட்டமைக்கும் பணியில் ஈடுபட்டார்கள். எழுத்து அட்டைகளை நீக்கி, மெக்கே பேசுவதற்காக விடப்பட்டிருந்த இடைவெளிகளைத் திரும்பத் திறந்து, கிடைத்த தாள்களுக்கு நடுவே இல்லாமற்போன நிலைகளை நிரப்பி அவர்கள் உருவாக்கிய வடிவம், 2018-ல் பிரான்சு தேசத்து ஆன்னெசி நகரத்தின் சித்திரப்பட விழாவில் காட்டப்பட்டது. ஒரு சேகரிப்பாளரும் ஒரு சரித்திர ஆசிரியரும் ஒரே மேஜையில் அமர்ந்ததால் கிடைத்த பலன் அது. தனித்தனியே இருவராலும் ஆகியிராது.

அந்தப் பதினைந்து தாள்களில் வேறெதுவும் புதிதாக இல்லை. அதே பாறைகள், அதே ஏரிக்கரை, அதே சிலுவைக் குறிகள், ஓரத்தில் தொடரும் எண்கள். சிகாகோவில் மெக்கே திரைக்குப் பின்னால் நடந்து மறைந்தபின், கைதட்டல் ஓயாமல் எழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அதற்கும் முன்கூட்டியே மை தொட்டு எழுதி வைத்திருந்தார். எண்களின்படி அவற்றை வரிசையில் ஓடவிட்டால், கெர்ட்டி மீண்டும் முன்னே வந்து, அந்த நீண்ட கழுத்தை மெல்லத் தாழ்த்துகிறாள்.